ஒரு மணி பதினைந்து நிமிடம் என்கிற பொய்

லண்டனிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் 344 கிலோமீட்டர் என்று பதில் வருகிறது. விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு பக்கம் 56 நிமிடம் என்கிறது. டிக்கெட் விற்கும் பக்கம் 1 மணி 15 நிமிடம் என்கிறது. பக்கத்திலேயே ரயிலுக்கு 2 மணி 17 நிமிடம் என்று போட்டிருக்கும். பார்க்கிறவர் என்ன முடிவுக்கு வருவார்? விமானம் வேகம், ரயில் மெதுவு. இரண்டு எண்களை அருகருகே வைத்தால் சின்ன எண்ணின் மேல்தான் விரல் போகும்.

இந்தக் கட்டுரை அந்தச் சின்ன எண்ணுக்கு எதிரானது. அதில் கணக்குப் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. கணக்கு சரிதான். எதை அளந்தோம் என்பதில்தான் கோளாறு. 344 கிலோமீட்டர் என்பது எந்தப் பயணியும் போகாத பாதையின் நீளம். 56 நிமிடம் என்பது எந்தப் பயணியும் செலவழிக்காத நேரம். இந்த இரண்டையும் நம்பி மக்கள் டிக்கெட் வாங்குகிறார்கள் என்பதுகூடப் பெரிய விஷயமில்லை. அரசாங்கங்கள் இதே கண்ணோட்டத்தில் சட்டம் எழுதுகின்றன. அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில் இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சூத்திரம் ஒன்று உண்டு. பூமியை 6371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு, இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் உருண்டையின் மேற்பரப்பில் அவற்றுக்கு இடையே உள்ள மிகக் குறைந்த தூரத்தைச் சொல்லிவிடும். ஹேவர்சைன் சூத்திரம் என்று பெயர். எந்த மொழியிலும் பத்து வரிக்குள் எழுதிவிடலாம். கிடைத்த தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏறவும் இறங்கவும் என்று அரை மணி சேர்த்தால் ‘விமான நேரம்’ தயார். உலகத்தின் எந்த இரண்டு ஊருக்கும் இப்படி ஒரு பக்கத்தை இயந்திரமே உற்பத்தி செய்துவிடும். எந்த விமானத்தையும் கேட்கவில்லை, எந்தக் கால அட்டவணையையும் புரட்டவில்லை. அந்த இரண்டு ஊருக்கும் நடுவே விமானம் ஓடுகிறதா என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை.

லண்டன்–பாரிஸுக்குப் போட்டுப் பாருங்கள். 344ஐ 800ஆல் வகுத்தால் சுமார் 26 நிமிடம், அதோடு 30. மொத்தம் 56. சூத்திரத்துக்கு விமானம் என்பது தொடுத்துவிட்ட அம்பு. நிஜ விமானம் அப்படிப் போவதில்லை. பொதுவாக 10,000 அடிக்குக் கீழே 250 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 463 கிலோமீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்தாக வேண்டும். எட்டுநூறு என்கிற வேகத்தில் அது நிலையாகப் பறக்கும் நேரம் கொஞ்சமே கொஞ்சம். திரும்பி வரும்போது இன்னொரு சடங்கும் உண்டு. ஹீத்ரோவில் இறங்க வரிசை நீண்டால் போவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் ஹில் என்று நான்கு இடங்களின் மேலே விமானங்களை அடுக்கடுக்காக வட்டமடிக்க விடுவார்கள். சூத்திரத்தில் வட்டமடிப்பதற்கு இடமில்லை.

விமான நிறுவனம் சொல்லும் 1 மணி 15 நிமிடம் வேறு வகை எண். சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போன இடத்தில் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரைக்கும் உள்ள நேரம் அது. துறைக்குள் பிளாக் டைம் என்பார்கள். ரன்வே முனை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். தாமதம் என்று பெயர் வாங்காமல் இருக்கக் கொஞ்சம் கூடுதல் நிமிடங்களையும் அட்டவணையிலேயே செருகி வைப்பார்கள். இது ரகசியமில்லை, தொழில் வழக்கம். விமானி, எரிபொருள் கணக்குப் பார்ப்பவர், வாசல் ஒதுக்குபவர் எல்லாருக்கும் இந்த எண் தேவை. விமானத்தின் நாளை அளக்க அது பொருத்தமான எண்தான். என் நாளை அளக்க அதை ஏன் என்னிடம் நீட்டுகிறீர்கள்?

என் நாள் இப்படி இருக்கும். லண்டன் நடுவிலிருந்து ஹீத்ரோ சுமார் 23 கிலோமீட்டர், அதுவும் மேற்கே. பாரிஸ் இருப்பது தென்கிழக்கே. ஆகவே பாரிஸ் போகிறவன் முதல் காரியமாகப் பாரிஸுக்கு முதுகைக் காட்டி முக்கால் மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். அங்கே போய் ஒன்றரை மணி நேரமாவது முன்னதாக நிற்க வேண்டும்: பெல்ட்டைக் கழற்று, லேப்டாப்பை வெளியே எடு, தண்ணீரைக் கொட்டு. பிறகு அந்தப் புகழ்பெற்ற 1 மணி 15 அல்லது 20 நிமிடம். இறங்கினால் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, நீளமான நடைபாதை என்று அரை மணி போகும். சார்ல் த கோல் விமான நிலையம் பாரிஸ் நடுவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் வடகிழக்கே இருக்கிறது, ரயிலுக்குக் காத்திருந்து ஊருக்குள் வர இன்னொரு முக்கால் மணி. 45, 90, 80, 30, 45. கூட்டினால் 290 நிமிடம். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் குறைவு.

ரயிலுக்கும் இதே கறாரோடு கணக்குப் போடுவோம், இல்லாவிட்டால் நானும் அதே பொய்யைத்தான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன் என்று ஆகும். செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்குப் போக 20 நிமிடம். அங்கும் பாதுகாப்புச் சோதனை உண்டு, பிரிட்டன் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால் லண்டன் மண்ணிலேயே பிரெஞ்சு அதிகாரி உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்ப்பார். 60 முதல் 75 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 2 மணி 20. இறங்கினால் பாரிஸின் நடுவே, பத்து நிமிடத்தில் தெருவில் நிற்கலாம். மொத்தம் 4 மணி, கொஞ்சம் முன்னே பின்னே. ரயில் ஜெயிக்கிறது. ஆனால் ஐம்பது நிமிட வித்தியாசத்தில்தான் ஜெயிக்கிறது. தேடல் பக்கத்தில் விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி நின்றது. வீட்டு வாசலிலிருந்து எண்ணினால் பின்னால் நிற்கிறது. ஒரே பயணம்தான். கடிகாரத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்தினோம் என்பதைப் பொறுத்து யார் முதலில் வந்தார் என்பதே தலைகீழாகிறது.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். ரயிலில் அந்த 2 மணி 20 நிமிடமும் ஒரே துண்டு. படிக்கலாம், தூங்கலாம், வேலை பார்க்கலாம். விமானப் பயணத்தின் 290 நிமிடமும் வரிசை, நடை, வரிசை, இருக்கை, வரிசை என்று நறுக்கிப் போட்ட துண்டுகள். அதில் ஒரு அத்தியாயம் படிக்க முடியாது.

“சரிங்க, இது யாருக்குத் தெரியாது? ஃபிளைட் டைம் என்றால் பறக்கிற நேரம்தான். வீட்டிலிருந்து வீடு என்று யார் சொன்னார்கள்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறோம் என்பதே என் பதில். ஒரு எண்ணைத் திரையில் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு, அதோடு மூன்றரை மணி நேரத்தை மனதுக்குள் கூட்டிக்கொள்ளுங்கள் என்று பயணியிடம் விடுவது நேர்மையில்லை. மளிகைக் கடைக்காரர் பெட்டியின் எடையைச் சொல்லாமல் பருப்பின் விலையை மட்டும் சொன்னால் ஏமாற்று என்கிறோம். இங்கே மட்டும் ஏன் தொழில்நுட்பச் சொல் என்கிறோம்?

பறப்பதற்குள்ளேயேகூட ‘வந்து சேர்ந்த நேரம்’ என்பது அவ்வளவு தெளிவான சங்கதி இல்லை. அது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சால்ஸ்பர்கிலிருந்து கொலோன்/பான் நிலையத்துக்கு வந்த ஒரு ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் சக்கரங்கள் 2 மணி 58 நிமிடத் தாமதத்தில் தரையைத் தொட்டன. நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றபோது தாமதம் 3 மணி 3 நிமிடம். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. 3 மணி நேரத்தைத் தொட்டால் பயணிக்கு 250 யூரோ இழப்பீடு, தொடாவிட்டால் ஒன்றும் கிடையாது. எந்தக் கணம் ‘வந்து சேர்ந்தது’? 2014 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒரு கதவாவது திறந்து, பயணிகள் வெளியேறலாம் என்று ஆகிற கணம். அதுவரை பயணி நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் ஓர் அடைப்புக்குள் இருக்கிறார், தன் காரியத்தைத் தன் விருப்பப்படி பார்க்க முடியாது என்பது தீர்ப்பின் வாதம்.

நீதிபதிகளுக்குப் புரிந்தது எங்கள் தொழிலுக்குப் புரியவில்லை. நேரம் விமானத்தின் சொத்து இல்லை, மனிதனின் சொத்து. அவன் சுதந்திரம் எப்போது பறிபோய் எப்போது திரும்புகிறதோ அதுதான் அளவு. இந்த வாதத்தை ஒரு படி பின்னால் நகர்த்துங்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்பவன் மட்டும் தன் காரியத்தைப் பார்க்க முடிகிறதா?

தூரத்தின் கதையும் இதேதான். மாட்ரிட்–பார்சிலோனா நேர்க்கோட்டில் சுமார் 505 கிலோமீட்டர். ரயில் பாதை 621 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்று. 1974 முதல் அந்த இரண்டு ஊருக்கும் நடுவே ‘வான் பாலம்’ என்ற பெயரில் விமானங்கள் பேருந்து மாதிரி ஓடின. உலகத்தின் மிக நெருக்கடியான வான்வழிகளில் அது ஒன்று. 2008 பிப்ரவரியில் அதிவேக ரயில் முழுத் தூரத்துக்கும் ஓடத் தொடங்கியது, வேகமான வண்டிகள் இரண்டரை மணியையொட்டிப் போய்ச் சேர்ந்தன. கூட்டம் விமானத்திலிருந்து ரயிலுக்கு மாறியது. சூத்திரத்தைக் கேட்டால் விமானம் 68 நிமிடம், ரயிலில் போகிறவர்கள் முட்டாள்கள். மக்களின் கால்களுக்குத் தெரிந்தது சூத்திரத்துக்குத் தெரியவில்லை.

ஊரின் பெயரை வைத்துச் செய்யும் தந்திரம் தனி. பாரிஸ்–பொவே என்றொரு விமான நிலையம் இருக்கிறது. பாரிஸுக்கு வடக்கே சுமார் 85 கிலோமீட்டரில். ஃபிராங்க்ஃபர்ட்–ஹான், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியே சுமார் 120 கிலோமீட்டர். சென்னையில் இறங்குகிறோம் என்று நினைத்துத் திண்டிவனத்துக்கு அப்பால் இறங்குவது மாதிரி. டிக்கெட் மலிவு, உண்மை. தூரப் பக்கத்தில் மட்டும் அது பாரிஸ்தான், ஃபிராங்க்ஃபர்ட்தான்.

இது வெறும் பயணியின் அலுப்பு என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பிரான்ஸில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2019இல் காலநிலைக்கான குடிமக்கள் மாநாடு ஒன்றை அங்கே கூட்டினார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 150 சாதாரண மனிதர்கள். அவர்கள் முன்வைத்தவற்றில் ஒன்று: 4 மணி நேரத்துக்குள் மாற்றுவழியில் போய்ச் சேரக்கூடிய உள்நாட்டு வழித்தடங்களில் விமானங்களை நிறுத்துங்கள். 2021 ஆகஸ்டில் சட்டம் வந்தபோது 4 மணி நேரம் இரண்டரை மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. 2023 மே மாதம் ஆணை வெளியானபோது நடைமுறையில் மிஞ்சியவை மூன்று தடங்கள்: பாரிஸ் ஓர்லி நிலையத்திலிருந்து போர்தோ, நான்ட், லியோன். சார்ல் த கோல் நிலையத்திலிருந்து இணைப்பு விமானம் பிடிப்பவர்களைத் தொடவில்லை.

4 மணிக்கும் இரண்டரை மணிக்கும் நடுவே காணாமல் போனது ஒன்றரை மணி நேரம். எனக்கு அது எங்கேயோ பார்த்த எண்ணாகத் தெரிகிறது. விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு நிற்கிற ஒன்றரை மணி அது. 4 மணி ரயில் என்று கேட்டால் நீளமாகத் தெரிகிறது, ஏனென்றால் எதிரே ‘1 மணி 15 நிமிடம்’ நிற்கிறது. வாசலிலிருந்து வாசல் என்று எண்ணியிருந்தால் எதிரே நின்றிருப்பது நாலரை மணி. அப்போது பாரிஸ்–மார்சே மாதிரி மூன்று மணி சொச்சத்தில் ரயில் ஓடும் தடங்களும் விவாதத்துக்கு வந்திருக்கும். குலுக்கலில் வந்த 150 பேர் தங்கள் வாழ்நாளை வைத்து எண்ணினார்கள். அமைச்சகம் அட்டவணையை வைத்து எண்ணியது. வெட்டி எறியப்பட்ட ஒன்றரை மணி நேரம் விமானத்தின் பக்கம் யாரும் எழுதாத ஒன்றரை மணி நேரம்.

உடனே விலையைப் பற்றிக் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். சுரங்க ரயிலின் டிக்கெட் பல நாட்களில் விமானத்தைவிட அதிகம். நான்கு பேர் கொண்ட குடும்பம் அதைப் பார்த்து முகம் சுளித்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விலை இயற்கையாக விளைந்ததா? 1944 சிகாகோ உடன்படிக்கை, வந்திறங்கும் விமானத்தின் தொட்டியில் இருக்கும் எரிபொருளுக்கு வரி விதிக்கக் கூடாது என்றது. அதையொட்டி வந்த ஒப்பந்தங்கள் சலுகையை இன்னும் விரித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு எரிசக்தி வரி நெறிமுறையும் வணிக விமான எரிபொருளுக்கு விலக்குத் தந்தது. மாற்றலாம் என்று 2021இல் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது; உறுப்பு நாடுகளுக்குள் உடன்பாடு வரவில்லை. அதே வேளையில் ரயில் நிறுவனம் தான் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டர் தண்டவாளத்துக்கும், கடலடிச் சுரங்கத்துக்கும் கட்டணம் கட்டுகிறது. ஆகாயத்துக்குத் தண்டவாள வாடகை கிடையாது. நேரத்தில் ஒரு பக்கத்தை மறைத்தோம், விலையிலும் ஒரு பக்கத்தை மறைத்தோம். பிறகு மக்களே விமானத்தைத்தான் விரும்புகிறார்கள் என்று முடித்துவிடுகிறோம்.

ரயில் எப்போதும் புனிதம் என்று நான் சொல்லவில்லை. 2009 டிசம்பரில் கடுங்குளிரில் ரயில்கள் சுரங்கத்துக்குள்ளேயே பழுதாகி நின்று, இரண்டாயிரம் பேருக்கு மேல் இருட்டில் தவித்தார்கள். சார்ல் த கோலில் இறங்கி ஆப்பிரிக்காவுக்கோ அமெரிக்காவுக்கோ விமானம் மாறுகிறவருக்கு லண்டனிலிருந்து பறப்பதே வசதி. நடுக்கடலில் இருக்கும் தீவுக்கு ரயில் விட முடியாது. என் சண்டை விமானத்தோடு இல்லை, அளவுகோலோடு.

கடிகாரமே எவ்வளவு அரசியலானது என்பதற்கு இந்த இரண்டு ஊரே சாட்சி. கிரீனிச்சுக்கு வெறும் 2 பாகை 20 கலை கிழக்கேதான் பாரிஸ். சூரியனைக் கேட்டால் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 9 நிமிடம் 21 நொடி. 1911இல் பிரான்ஸ் கிரீனிச் நேரத்துக்கு மாறியபோது, கிரீனிச் என்ற பெயரை உச்சரிக்க மனமில்லாமல், ‘9 நிமிடம் 21 நொடி பின்தள்ளப்பட்ட பாரிஸ் நேரம்’ என்றே சட்டத்தில் எழுதினார்கள். 1940இல் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்ததும் கடிகாரம் பெர்லின் நேரத்துக்குத் திருப்பப்பட்டது. போர் முடிந்தும் பிரான்ஸ் அந்த நேர மண்டலத்திலேயே தங்கிவிட்டது. அதனால்தான் இன்றைக்கும் லண்டனில் 10 மணிக்குக் கிளம்பும் விமானம் பாரிஸில் 12.20க்கு இறங்குகிறது; பாரிஸில் 10 மணிக்குக் கிளம்புவது லண்டனில் 10.20க்கு. எண் என்றால் நடுநிலை என்று நம்புகிறவர்கள் அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கலாம்.

இதில் நம்மவர்களுக்கும் பங்குண்டு. லண்டனில் வேலை பார்க்கும் நம்மூர் ஐடி பையன், “பாரிஸ் ஒரு மணி நேரம்தான் மச்சி, சனிக்கிழமை போய்ட்டு ஞாயிறு வந்துடலாம்” என்பான். கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் பிரிட்டிஷ் விசா போதாது, ஷெங்கன் விசா தனியாக வேண்டும். விண்ணப்பத்தின் மேல் முடிவெடுக்கவே விதிப்படி 15 நாள் அவகாசம். நேர்காணலுக்கு இடம் கிடைக்கக் காத்திருப்பது வேறு கணக்கு. அவனுக்கும் அவன் பக்கத்து இருக்கை பிரிட்டிஷ்காரருக்கும் பாரிஸ் ஒரே தூரத்திலா இருக்கிறது?

அந்த நேர்க்கோட்டால் அளக்கவே முடியாத ஒரு தூரமும் இங்கே இருக்கிறது. லண்டன் ரயில் வந்து நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லாச்சப்பல். எண்பதுகளிலிருந்து வந்து குடியேறிய ஈழத் தமிழர்களின் கடைத்தெரு. நகைக்கடை, மரக்கறிக்கடை, கொத்து ரொட்டிச் சத்தம். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஈஸ்ட் ஹாமிலும் தங்கை பாரிஸிலும் பிரிந்து வாழும் வீடுகள் நிறைய. அவர்களிடம் தூரம் எவ்வளவு என்று கேளுங்கள். எந்த நாட்டு அட்டை கையில் வர எத்தனை வருடம் ஆனது என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். 344 என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

என்ன செய்யலாம்? தேடல் பக்கங்களும் டிக்கெட் தளங்களும் வாசலிலிருந்து வாசல் நேரத்தை முதலில் காட்டட்டும். ஒற்றை எண்ணாக வேண்டாம், ‘4 முதல் ஐந்தரை மணி வரை’ என்று வரம்பாகக் காட்டட்டும். பறக்கும் நேரம் வேண்டியவருக்கு அது கீழே சிறிய எழுத்தில் இருக்கட்டும். இதைச் செய்ய முடியாது என்று எந்தப் பொறியாளரும் என்னிடம் சொல்ல வேண்டாம். ரயில் அட்டவணை, மெட்ரோ அட்டவணை எல்லாம் திறந்த தரவாகவே கிடைக்கின்றன, தெருவுக்குத் தெரு வழிகாட்டும் செயலி எல்லார் பையிலும் இருக்கிறது. தடுப்பது நுட்பம் இல்லை. சின்ன எண் நன்றாக விற்கிறது, அவ்வளவுதான். சட்டம் எழுதுகிறவர்களும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கடிகாரத்தை வைக்கட்டும். ரயிலுக்கு வாசலிலிருந்து என்றால் விமானத்துக்கும் வாசலிலிருந்து.

1919 ஆகஸ்ட் 25 அன்று லண்டன் ஹவுன்ஸ்லோ ஹீத்திலிருந்து பாரிஸ் லெ பூர்ஷேவுக்கு அன்றாட விமானச் சேவை தொடங்கியது. உலகின் முதல் சர்வதேச அன்றாடச் சேவையாக அதைச் சொல்வார்கள். முதல் விமானத்தில் ஒரே ஒரு பயணி, பறக்கச் சுமார் இரண்டரை மணி நேரம். அதற்குப் பின் எந்திரம் மாறியது, வேகம் பல மடங்கானது. மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் வரிசைகள் தின்றுவிட்டன. நூறு வருட முன்னேற்றத்தைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் அந்த வரிசைகளையும் சேர்த்து எண்ணிவிட்டுச் சொல்லட்டும்.